தனியார், எம்ஆர்பி, சவுதி, ஜெர்மனி: எதற்காக எத்தனை மாதம் காத்திருக்க முடியும்?

போன வாரம் எனக்கு நைட் சூப்பர்வைசர் டூட்டி. ஐசியுவுக்கு ரவுண்ட்ஸ் போனபோது மணி மூன்றரை இருக்கும். அஞ்சு மணி சாம்பிளுக்கு டியூப்களில் லேபிள் ஒட்டி வரிசையாக வைத்துவிட்டு, எங்கள் ஸ்டாஃப் ஒருத்தி பழைய ஈசிஜி தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருந்தாள். பிஎஸ்சி நர்சிங் முடித்து எங்களிடம் சேர்ந்து இரண்டரை வருடம் ஆகிறது. கட்டத்தில் நான்கு தலைப்பு: இங்கே, எம்ஆர்பி (மாநில அரசு வேலைக்கான தேர்வு), சவுதி, ஜெர்மனி. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு தொகை. ஜெர்மனிக்குக் கீழே இருந்த தொகையை இரண்டு தடவை வட்டம் போட்டிருந்தாள்.

"எதுக்கா போகலாம்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல், வீட்டுக்கு மாதம் எவ்வளவு அனுப்புகிறாய் என்று கேட்டேன். ஒன்பதாயிரம். கல்விக் கடனுக்கும் அதிலிருந்துதான் போகிறது. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், தம்பி டிப்ளமோ படிக்கிறான். சரி, அந்த ஒன்பதாயிரம் நின்றுபோனால் வீடு எத்தனை மாதம் தாங்கும் என்று கேட்டேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். அதை அவள் யோசித்ததே இல்லை.

பதினாலு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை, அப்புறம் ரியாத்தில் நாலு வருடம், இப்போது மதுரையில். என்னோடு படித்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறார்கள், ஜெர்மனியில் இருக்கிறார்கள், தொழிலையே விட்டுவிட்டு துணிக்கடை வைத்தவளும் இருக்கிறாள். இத்தனை பேரைப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. எந்த வழி நல்ல வழி என்பதை சம்பளம் முடிவு செய்வதில்லை. அந்தச் சம்பளம் கைக்கு வர எத்தனை மாதம் ஆகும், அதுவரை யார் சோறு போடுவது, அந்த மாதங்களில் என்ன செலவாகும் என்பதுதான் முடிவு செய்கிறது. நான்கு வழியையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் படம் வேறு மாதிரி தெரியும்.

இருக்கும் இடத்திலேயே இருப்பது

தனியாரில் இருப்பதை யாரும் ஒரு தேர்வாகவே நினைப்பதில்லை, வேறு வழியில்லாமல் இருப்பதாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் காத்திருக்கும் காலம் பூஜ்யம் என்பது இதில் மட்டும்தான். இன்று சேர்ந்தால் அடுத்த மாதம் சம்பளம். அது சின்ன சம்பளம், மாவட்டத் தலைநகரங்களில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் என்று இன்னும் கொடுக்கிறார்கள், சென்னையில் கொஞ்சம் கூட இருக்கும், அதில் பாதி ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் போய்விடும்.

இந்தச் சம்பளம் நியாயம் இல்லை என்பது நம் புலம்பல் மட்டும் இல்லை. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு தெளிவாகவே எழுதியது: 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் அரசு செவிலியருக்குச் சமமான சம்பளம், 100 முதல் 200 வரை என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது, 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது, 50 படுக்கைக்குக் கீழே என்றாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது. மாநிலங்கள் இதை நிறைவேற்ற வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். பத்து வருடம் ஓடிவிட்டது, உங்கள் பே ஸ்லிப்பைப் பாருங்கள். எனக்கு இதில் இன்னும் கோபம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

அப்படியிருந்தும் முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். காரணம், மற்ற வழிகளில் பெரும்பாலானவை உங்களிடம் கேட்பது இங்கே சம்பாதிக்கும் அனுபவத்தைத்தான். வளைகுடா வேலைகளுக்குப் பொதுவாக இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள், அதுவும் ஐசியு, கேசுவாலிட்டி, தியேட்டர், டயாலிசிஸ், என்ஐசியு என்று ஒரு பிரிவில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வார்டு மாற்றிப் பந்தாடுகிற இடத்தில் மூன்று வருடம் இருந்தாலும், இன்டர்வியூவில் எந்தப் பிரிவு என்று கேட்டால் "எல்லாம் பார்த்திருக்கேன்" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும், அந்தப் பதில் எடுபடாது. அதனால் தனியாரில் சேரும்போது சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் கூடக் கேட்பதைவிட, ஒரு பிரிவில் நிலையாகப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் பாண்ட், அதாவது இத்தனை காலம் விலகமாட்டேன் என்று எழுதி வாங்கும் ஒப்பந்தம். இதை நான் சொந்தமாகப் பட்டுத் தெரிந்துகொண்டேன். சென்னையில் நான் முதலில் வேலை பார்த்த மருத்துவமனையில் சேரும்போதே டிகிரி, நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்று எல்லாவற்றையும் அசலாக வாங்கி வைத்துக்கொண்டார்கள், வெரிஃபிகேஷனுக்கு என்று சொல்லி. இருபத்தோரு வயதில் எனக்கு அது சாதாரணமாகத் தெரிந்தது. ரிசைன் கொடுத்தபோது, பாண்ட் முடியவில்லை, ஐம்பதாயிரம் கட்டு என்றார்கள். முடிந்துவிட்டது என்று தேதியோடு காட்டினேன். அதற்கு அப்புறமும் மூன்று மாதம் நடையாய் நடந்தேன். ஹெச்ஆர் அறைக்கு வெளியே ஒரு நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி உண்டு, அதில் உட்கார்ந்து உட்கார்ந்து அதன் விரிசல் எந்த இடத்தில் கிள்ளும் என்பதுகூட மனப்பாடம். ஒரு இன்டர்வியூ அதனால் போயிற்று. கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை, அதைப் பிடித்து வைக்க நிர்வாகத்துக்கு உரிமை இல்லை என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் கோர்ட்டுக்குப் போய் வாங்குவதைவிடக் கொடுக்காமல் இருப்பது எளிது. அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். அசல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற இடம், நீங்கள் விலகும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சேரும் நாளிலேயே சொல்லிவிடுகிறது.

அரசு வேலை: எம்ஆர்பி ஒன்று, நார்செட் வேறு

வீட்டில் "கவர்மென்ட் வேலைக்கு எழுது" என்கிறபோது அவர்கள் மனதில் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. உண்மையில் இரண்டு வெவ்வேறு கதவு.

தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்ஆர்பி, 2012இல் வந்தது. இதன் வழியாகச் செவிலியர்களை முதலில் ஒப்பந்த அடிப்படையில், தொகுப்பூதியத்தில், அதாவது படிகள் இல்லாத ஒரே மொத்தத் தொகைக்கு எடுக்கிறார்கள். 2015இல் தேர்வெழுதி வந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்போடு சேர்ந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். தொகுப்பூதியம் பிறகு 14,000, அதன் பின் 18,000 என்று உயர்ந்தது. நிரந்தரம் என்பது காலியிடம் உருவாக உருவாக, பணிமூப்பு வரிசையில் நடக்கிறது. எனவே எம்ஆர்பி பாஸ் பண்ணிவிட்டேன் என்பது அரசு சம்பளம் வாங்கத் தொடங்கிவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. வரிசையில் நின்றுவிட்டேன் என்று அர்த்தம். கொரோனா காலத்தில் எடுக்கப்பட்டவர்களில் பலர் அந்த வரிசையிலும் சேர்க்கப்படவில்லை, 2022 டிசம்பர் 31உடன் அவர்களின் பணிக்காலம் முடிக்கப்பட்டது, அதற்காகவும் போராட்டம் நடந்தது. எனவே அறிவிப்பு வரும்போது முதலில் தேட வேண்டிய வரி சம்பள வரி இல்லை. தற்காலிகமா, தொகுப்பூதியமா, எந்தத் திட்டத்தின் கீழ், காலமுறை ஊதியத்துக்கு, அதாவது நிரந்தர ஊழியருக்கான சம்பளத்துக்கு மாற்றுவார்களா என்ற வரி.

நார்செட் என்பது எய்ம்ஸ் நடத்தும் பொதுத் தேர்வு, 2020இல் தொடங்கியது. எய்ம்ஸ் மருத்துவமனைகளில் நர்சிங் ஆபீசர் பணி. சேர்ந்த நாளிலிருந்தே ஊதிய நிலை 7, அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய், படிகள் தனி. புதுச்சேரி ஜிப்மரிலும் நர்சிங் ஆபீசருக்கு இதே நிலைதான். இதில் வரிசை கிடையாது, ஆனால் போட்டி நாடு முழுவதும், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிப்பார்கள், பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30. ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ படித்தவர்கள் 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் காட்ட வேண்டும். எங்கள் பிரதர்கள், அதாவது ஆண் செவிலியர்கள் கவனத்துக்கு: எய்ம்ஸில் இடங்கள் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 20 என்று பிரிக்கப்பட்டிருக்கின்றன. கட் ஆஃப் அதற்கேற்ப ஏறும், மனதில் வைத்துக்கொண்டு தயாராகுங்கள். ராஜஸ்தான், கேரளாவிலிருந்து எழுதுபவர்கள் இதற்கென்றே ஒரு வருடம் கோச்சிங்கில் உட்கார்கிறார்கள். நம் பிள்ளைகள் நைட் டூட்டி முடித்து வந்து தூக்கக் கண்ணோடு பழைய வினாத்தாள் பார்க்கிறார்கள். திறமையில் குறைச்சல் இல்லை, நேரத்தில்தான் குறைச்சல்.

அரசு வேலையின் உள்பக்கத்தையும் சொல்ல வேண்டும். என் தோழி ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறாள். ராத்திரியில் அவளும் ஒரு மருத்துவமனைப் பணியாளரும் மட்டும்தான். ஒரு நாள் நான் அவளோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே பிரசவ கேஸ் வந்துவிட்டது. போனை வைக்க மறந்து மேஜையில் போட்டுவிட்டுப் போனாள். இருபது நிமிடம் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "மூச்சை இழு, இப்ப முக்காத, இப்ப முக்காத" என்று ஒரு குரல், பாத்திரம் நகரும் சத்தம், அப்புறம் அந்தக் குழந்தையின் அழுகை. பக்கத்தில் டாக்டர் இல்லை, மானிட்டர் வரிசை இல்லை. ரத்தப்போக்கு கூடினால் 108ஐக் கூப்பிட்டு, அது வரும்வரை கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியது அவள்தான். கார்ப்பரேட் ஐசியுவில் எனக்கு இருந்த வசதியில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே இல்லை, அவள் எடுக்கும் முடிவுகளில் பத்தில் ஒரு பங்கைக்கூட நான் தனியாக எடுத்ததில்லை. அரசு வேலை என்றால் நிம்மதி என்று நினைத்துப் போகிறவர்கள் முதல் ஆறு மாதம் திணறுவார்கள்.

ஆனால் திருமணம், குழந்தை என்று வரும்போது அரசு வேலைக்கு ஈடு கிடையாது. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து மகப்பேறு விடுப்பு 12 மாதம். தனியாரில் சட்டப்படி 26 வாரம், அதற்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். சட்டம் 26 வாரம் என்கிறது, நடப்பில் "மூணு மாசம் எடுத்துக்கோம்மா, அப்புறம் புதுசா ஜாயின் பண்ணிக்கோ" என்கிறார்கள். புதிதாக ஜாயின் பண்ணினால் சீனியாரிட்டி போகிறது, அனுபவச் சான்றில் இடைவெளி விழுகிறது. அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். விடுப்பு விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

சவுதி, கத்தார், துபாய்

பணம் சீக்கிரம் வேண்டும் என்றால் வளைகுடாதான், இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு வருட அனுபவம் கையில் இருந்தால், புது மொழி படிக்க ஒரு வருடம் உட்கார வேண்டியதில்லை. அந்தந்த நாட்டின் லைசென்ஸ் தேர்வு, பேச்சுவழக்கில் எல்லோரும் பிரோமெட்ரிக் என்பது, அப்புறம் டேட்டாஃப்ளோ சான்று சரிபார்ப்பு, மெடிக்கல், விசா. எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஆறு முதல் பத்து மாதம். முக்கியமான விஷயம், அதுவரை இங்கே வேலையை விடாமல் இருக்கலாம். சவுதி ரியால் டாலரோடு 3.75 என்று கட்டப்பட்டிருப்பதால் ரூபாய் இறங்க இறங்க நீங்கள் அனுப்பும் தொகை கூடும். தங்குமிடம், வருடத்துக்கு ஒரு டிக்கெட் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பு. சவுதியில் வேலையை முடிக்கும்போது சட்டப்படி ஒரு தொகை உண்டு: முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதன் பின் வருடத்துக்கு ஒரு மாதம். நான் ரியாத்தில் இருந்த நாலு வருடத்தில் கல்விக் கடனை அடைத்தேன், வீட்டுக்கு மேல்தளம் எழுப்பினேன்.

டேட்டாஃப்ளோதான் பலர் தடுக்கி விழும் இடம். உங்கள் டிகிரியைப் பல்கலைக்கழகத்திடமும், பதிவைக் கவுன்சிலிடமும், அனுபவத்தை நீங்கள் வேலை பார்த்த மருத்துவமனையிடமும் அவர்களே நேரடியாகக் கேட்பார்கள். சண்டை போட்டுவிட்டு வந்த மருத்துவமனையின் ஹெச்ஆர் அந்த மெயிலுக்குப் பதில் போடாவிட்டால் அந்த இரண்டு வருடம் இருந்தும் இல்லாத மாதிரி. வேலையை விடும்போது கோபமாக வெளியே வராதீர்கள் என்று நான் தலைகீழாக நின்று சொல்வது இதற்காகத்தான். செய்யாத வேலைக்குப் போலி அனுபவச் சான்று வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் ஏஜென்ட் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். அது அங்கே பிடிபட்டால் கதவு மூடிவிடும், மறுபடி திறப்பது கிடையாது.

ஏஜென்ட் பற்றி இன்னொன்று. சவுதி, கத்தார், குவைத், அமீரகம் உள்ளிட்ட இசிஆர் (குடியேற்ற அனுமதி தேவைப்படும்) நாடுகள் என்று குறிக்கப்பட்ட 18 நாடுகளுக்குச் செவிலியர்களை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று 2015இல் மத்திய அரசு உத்தரவு போட்டது. அதற்கு முன்னால் லட்சக்கணக்கில் பணம் பறிக்கப்பட்ட மோசடிகள் அப்படி. தமிழ்நாட்டில் அந்த நிறுவனம் சென்னை கிண்டியில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், ஓஎம்சிஎல் என்பார்கள், 1978லிருந்து இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜென்டாகவே இருந்தாலும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதற்கு மேல் வாங்கக்கூடாது. நாலு லட்சம், ஐந்து லட்சம் என்று கேட்கிறவர் உங்களுக்கு வேலை வாங்கித் தரவில்லை, உங்கள் முதல் வருடச் சம்பளத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறார். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரையும் நம்பாதீர்கள்.

அங்கே போனால் வாழ்க்கை எப்படி? நான் போன முதல் வாரம், ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக ஏதோ சொன்னார்கள், ஒரு சொல்கூடப் புரியவில்லை. பக்கத்து பெட்டில் இருந்த பிலிப்பைன்ஸ் ஸ்டாஃப் எட்டிப் பார்த்து "ஃபீ அலம்?" என்று கேட்டாள், வலி இருக்கிறதா என்று. அந்த அம்மா தலையாட்டி வயிற்றைத் தொட்டுக் காட்டினார்கள். அன்று ராத்திரியே ஒரு நோட்டுப் போட்டேன், வலி, தண்ணீர், மூச்சு, தலைசுற்றல், ஊசி, பயப்படாதீங்க என்று நாற்பது அரபுச் சொல்லைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. வேலை கடினம் இல்லை, தனிமைதான் கடினம். பெரும்பாலும் தனியாள் ஒப்பந்தம், குடும்பத்தைக் கூட்டிப்போவது சுலபமில்லை. கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த தோழிகள், வீடியோ காலில் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்த நாள் முழுக்கப் பேசமாட்டார்கள். அங்கே குடியுரிமை என்று ஒன்று கிடைக்கப்போவதில்லை. ஐந்தோ ஆறோ வருடம், இவ்வளவு சேர்த்ததும் திரும்புவேன் என்று தொகையை முடிவு செய்துவிட்டுப் போகிறவர்கள் நன்றாக இருக்கிறார்கள். முடிவு செய்யாமல் போனவர்களுக்கு ஒவ்வொரு லீவிலும் வீட்டில் ஒரு புதுச் செலவு காத்திருக்கும்.

ஜெர்மனி, பிரிட்டன்

இப்போது எல்லா நர்சிங் காலேஜ் வாசலிலும் ஜெர்மன் வகுப்பு நோட்டீஸ்தான். நல்ல வழிதான், பொய் இல்லை. நிரந்தரமாகக் குடும்பத்தோடு வாழ முடியும், படித்த படிப்புக்கு முழு அங்கீகாரம் கிடைக்கும், முதியவர்கள் அதிகமான நாடு என்பதால் தேவையும் குறையாது. ஆனால் நான்கு வழியிலும் காத்திருக்கும் காலம் மிக நீளமானவை இரண்டு, எம்ஆர்பி வரிசை ஒன்று, ஜெர்மனி இன்னொன்று.

கணக்கு இதுதான். ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற தொடக்க நிலையிலிருந்து பி1 நிலை முடிக்க ஒழுங்காகப் படித்தால் எட்டு, பத்து மாதம். முழு அங்கீகாரத்துக்குப் பெரும்பாலும் பி2 வேண்டும், அதற்கு இன்னும் நாலைந்து மாதம். சான்றிதழ் மொழிபெயர்ப்பு, அங்கீகார விண்ணப்பம், வேலை ஒப்பந்தம், விசா என்று இன்னொரு அரை வருடத்துக்கு மேல். போய் இறங்கியதும் முழுச் செவிலியர் கிடையாது, உதவியாளர் நிலையில் குறைந்த சம்பளத்தில் வேலை பார்த்துக்கொண்டே அறிவுத் தேர்வோ தகவமைப்புப் பயிற்சியோ முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் அந்த வட்டம் போட்ட தொகை, அதிலும் வரி, காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் என்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆக இன்று ஏ1 வகுப்பில் உட்கார்ந்தால், அந்தச் சம்பளம் கைக்கு வர இரண்டரை வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பை டூட்டியோடு சேர்த்துப் படிக்க முடிந்தால் இது பிரச்சினை இல்லை. வேலையை விட்டுவிட்டுப் படிப்பதாக இருந்தால், வீடு எத்தனை மாதம் தாங்கும் என்ற கேள்விதான் திரும்ப வருகிறது.

ஏமாறும் இடமும் இங்கே உண்டு. ஆஸ்பில்டுங் என்பது பிளஸ் டூ முடித்தவர்கள் அங்கே போய் மூன்று வருடம் நர்சிங்கையே முதலிலிருந்து படிக்கும் பயிற்சி, அதற்குப் பயிற்சிப் படிதான் கிடைக்கும். பிஎஸ்சி நர்சிங் முடித்து, அனுபவமும் இருப்பவர்களை, பி2 தேவையில்லை, சீக்கிரம் போகலாம் என்று சொல்லி இதில் தள்ளிவிடுகிறார்கள். நாலு வருடம் படித்த படிப்பைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி மாணவியாக உட்காருவது. ஒப்பந்தத்தில் அங்கீகார வழியா, பயிற்சி வழியா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். ஓஎம்சிஎல் வழியாகவும் செவிலியருக்கு ஜெர்மன் பயிற்சியும் வேலையும் ஏற்பாடு செய்கிறார்கள், தனியார் ஏஜென்சிக்குப் பணம் கட்டும் முன் அங்கே ஒருமுறை விசாரியுங்கள்.

வேலையும் வேறு மாதிரி. என் கிளாஸ்மேட் போன புதிதில் அழுதாள். இங்கே வென்டிலேட்டர் பார்த்தவள், அங்கே நோயாளியைக் குளிப்பாட்டுவது, பல் தேய்த்துவிடுவது, சாப்பாடு ஊட்டுவது எல்லாம் செவிலியர் வேலை. ஊசி போட்டு ஐவி லைன் எடுப்பதைப் பெரும்பாலும் டாக்டர்தான் செய்கிறார். "என்னை ஆயா வேலைக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்கடி" என்றாள். இரண்டு வருடம் கழித்து அவளே சொன்னாள், ஒரு நோயாளியைக் குளிப்பாட்டும் பத்து நிமிடத்தில் அவர் தோல், மூச்சு, மனசு எல்லாம் தெரிந்துவிடுகிறது, இங்கே நாம் சார்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று. இந்த மனமாற்றம் எல்லோருக்கும் வருவதில்லை. வராதவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள்.

பிரிட்டனைப் பற்றிச் சுருக்கமாக. ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதலில் பி கிரேடும் எழுதுதலில் சி பிளஸும் வேண்டும், அப்புறம் கணினித் தேர்வு, அங்கே போய் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. பேண்ட் 5, அதாவது செவிலியர் சேரும் ஊதிய நிலையின் தொடக்கச் சம்பளம் 2025-26இல் ஆண்டுக்கு 31,049 பவுண்டு. ஆனால் சில வருடம் முன்பு இருந்த வேகத்தில் இப்போது வெளிநாட்டிலிருந்து எடுப்பதில்லை. கேர் வொர்க்கர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22 முதல் நிறுத்தியே விட்டார்கள், அதைச் சொல்லி இன்னும் யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆங்கிலம் ஏற்கெனவே நன்றாக இருப்பவர்களுக்கு இது நல்ல வழி, மற்றவர்களுக்கு இப்போதைக்கு நான் சொல்லமாட்டேன்.

எங்கே போனாலும் கூட வருபவை

நைட் டூட்டி, ஆள் பற்றாக்குறை, அட்டெண்டர் கத்துவது, இவற்றிலிருந்து தப்பிக்க ஊர் மாறுகிறவர்கள் உண்டு. வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒருவருக்கு ஒருவர் என்பது நியதி, நம்மிடம் ஒருத்தி இரண்டு மூன்று பேரைப் பார்க்கிறாள். வெளிநாட்டில் இந்த விகிதம் நிச்சயம் மேல். ஆனால் சீனியர் குத்திப் பேசுவதும், லீவு ரோஸ்டர் அரசியலும் ரியாத்திலும் இருந்தது. தவறு நடந்தால் முதலில் செவிலியரைத்தான் பார்ப்பார்கள், அதுவும் எல்லா ஊரிலும்தான்.

அதனால் இங்கே இருக்கும்போதே சில பழக்கங்களை உண்டாக்கிக்கொள்ளுங்கள். டாக்டர் போனில் சொன்ன ஆர்டரை நேரத்தோடு, பெயரோடு எழுதுங்கள், ரவுண்ட்ஸ் வந்ததும் கையெழுத்து வாங்குங்கள். டபுள் டூட்டி போடச் சொன்னால் செய்யலாம், ஆனால் காம்ப் ஆஃப், அதாவது அதற்கு ஈடான விடுமுறை எந்தத் தேதி என்று அப்போதே வாட்ஸ்அப்பில் இன்சார்ஜிடம் கேட்டுப் பதிவு பண்ணிக்கொள்ளுங்கள். நானும் ஒரு இன்சார்ஜ்தான், எழுத்தில் கேட்பவளுக்குத்தான் மறக்காமல் கொடுக்கிறேன், அதுதான் உண்மை. நோயாளியோடு வந்தவர்கள் கை ஓங்கினால், தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறைக்கு எதிராக 2008ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் இருக்கிறது, அது டாக்டருக்கு மட்டும் இல்லை, செவிலியருக்கும்தான். நிர்வாகம் சமாதானம் பேசச் சொல்லும். புகாரை எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

பேப்பர் விஷயமும் அப்படித்தான். பிஎஃப் பிடிக்கிறார்களா என்று பாருங்கள், பிஎஃப் கணக்கின் யுஏஎன் பாஸ்புக் நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கு மறுக்க முடியாத சாட்சி. பே ஸ்லிப்பை மாதாமாதம் மெயிலில் சேமித்து வையுங்கள். கவுன்சில் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள். பாஸ்போர்ட், டிகிரி, ஆதார், கவுன்சில் சான்று, நான்கிலும் பெயரும் இன்ஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இன்ஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் இருந்ததற்காக நாலு மாதம் அலைந்தவளை எனக்குத் தெரியும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இவை வேண்டும், அதனால் முடிவு எடுக்கும் முன்பே இவற்றைச் செய்யலாம்.

அன்று ராத்திரி ஈசிஜி தாளைத் திருப்பி, தொகைகளை அடித்துவிட்டு மாதங்களை எழுதினோம். இங்கே பூஜ்யம். சவுதி எட்டு, ஆனால் டூட்டியில் இருந்துகொண்டே. ஜெர்மனி முப்பது, அதில் முதல் பதினாலு மாதம் வகுப்பு. எம்ஆர்பிக்கு எண் போடாமல் கேள்விக்குறி போட்டாள். நார்செட்டை அவள் கட்டத்தில் சேர்க்கவே இல்லை, நான் சொல்லிச் சேர்த்தாள், வயது இருபத்தைந்துதான், நாலைந்து தடவை எழுதலாம். கல்விக் கடன் இல்லாதவளாக இருந்தால், அப்பாவுக்கு ஐம்பது வயதுக்குக் கீழே இருந்தால், நானே ஜெர்மனிக்குப் போ என்று சொல்லியிருப்பேன். அவள் வீட்டு நிலைக்கு, டூட்டியில் இருந்துகொண்டே சவுதிக்குத் தயாராவது, இடையில் நார்செட் அறிவிப்பு வந்தால் எழுதுவது, கடன் அடைந்ததும் ரியாத்தில் இருந்தபடியே ஜெர்மன் ஆன்லைனில் தொடங்குவது என்று எனக்குப் பட்டது, அதைச் சொன்னேன். அவளுக்கு இன்னும் ஜெர்மனி மீதுதான் கண். அம்மாவிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

அஞ்சு மணி ஆகிவிட்டது. தாளை மடித்து யூனிஃபார்ம் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சாம்பிள் எடுக்கப் போனாள். நேற்று என் மேஜையில் அவளுடைய கடிதம் ஒன்று இருந்தது, இரண்டரை வருட ஐசியு அனுபவச் சான்று கேட்டு. தேதிகளை ரோஸ்டரோடு சரிபார்த்து, "மருத்துவ ஐசியு, 16 படுக்கை" என்று பிரிவைச் சேர்த்து எழுதி, கையெழுத்துப் போட்டு ஹெச்ஆருக்கு அனுப்பியிருக்கிறேன்.